கீறல் இல்லாத பிஸ்டன்

அக்காவின் லாரி புகை விட ஆரம்பித்ததும் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். டீசல் பிடிக்கப் போனால் பங்கில் இருப்பவன் ஒரு வைத்தியம் சொன்னான். பஞ்சர் கடைக்காரன், "அக்கா, இது நுரையீரல் கோளாறு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். சரக்கு ஏற்ற வந்தவன், இறக்க வந்தவன், வேலைவெட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லோரும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவனும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

நான் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்ட்டரில் நிற்கிறவள். செத்துப்போன இன்ஜினின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது மாதிரி ஒன்னு குடுங்க" என்று கேட்பவர்களின் முகத்தில்தான் தினமும் விழிக்கிறேன். அதனால் அக்காவின் வண்டிக்கு என்ன வந்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீலப் புகை. ஊற்றுகிற ஆயிலையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் மாடி ஏறி வந்தவர்போலப் புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. உள்ளே பிஸ்டனும் அது ஓடும் துளையும் தேய்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதற்கு வழி மூன்று. இன்ஜினைக் கழற்றிப் பிரித்து, தேய்ந்த துளைகளைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அந்த அளவுக்குப் புது பிஸ்டன் போட்டு மறுபடி கட்டலாம். இல்லையென்றால் வேறொரு வண்டியில் ஓடிய இன்ஜினைத் தூக்கி வந்து இதில் உட்கார வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் இறக்கி எடைக்குப் போட்டுவிட்டு, வண்டிக்கே ஒரு கும்பிடு போடலாம். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வழி. அக்காவுக்கு முதலாவது. எனக்கு இரண்டாவது. அவள் மகனுக்கு மூன்றாவது. அத்தான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறக்காத அந்த வாயைப் பற்றித்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அக்காவுக்கு லாரி ஸ்டாண்டில் 'ஏர்ஹார்ன்' என்று பெயர். தெருவின் இந்த முனையில் அவள் பேசினால் அந்த முனையில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்து ரகசியம் பேசினால் அடுத்த அறையிலிருந்து அப்பா பதில் சொல்வார். அப்படிப்பட்டவளை மெதுவாகப் பேசுகிற அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் லாரி டிரைவர். கல்யாணத்துக்குப் பிறகு வந்த கிளீனர்கள் எல்லோரும் டீசல் திருடினார்கள் என்று ஒவ்வொருவராகத் துரத்திவிட்டு, கடைசியில் அக்காவே கைக்குழந்தையோடு ஏறி இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதும், ரிவர்ஸ் வரும்போது பின்னால் நின்று கத்துவதும் அவள் வேலை. ஹார்ன் தனியாக எதற்கு என்று அப்போதே கேலி செய்வார்கள்.

அத்தானுக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நரம்புக் கோளாறு, மருந்து கிடையாது என்றார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் ஓட்டினார். ஒருநாள் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ வந்து உக்காரு. எனக்குக் கைகாட்டி மரம் தெரியல" என்றார். அக்கா இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவர் இடத்தில் ஏறினாள். அன்றிலிருந்து அவள் வலது பக்கம், அவர் இடது பக்கம். லைசென்ஸ் எடுக்கப் போனபோது டெஸ்ட் வைத்தவர், "ஏம்மா, கால் எட்டுமா?" என்றாராம். அக்கா ஒரே ரிவர்ஸில் கொண்டுபோய் அவர் நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாளாம். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கண் போனாலும் அத்தான் காதால் வண்டி ஓட்டுவார். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மினால் போதும். "மூனுல போடு" என்பார். "தெரியும்" என்று எரிந்து விழுவாள் அக்கா. விழுந்துகொண்டே மூன்றில் போடுவாள். இதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய விதம். வீட்டிலும் இப்படித்தான். "உப்பு கம்மி." "தெரியும்." "கதவைச் சாத்து." "தெரியும்." அவள் அவரை எப்போதும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்தாலும் மரியாதையோடுதான் எறிவாள்.

இந்த இன்ஜின் ஏற்கெனவே ஒருமுறை பிரித்து, துளைகளைக் கடைந்து கட்டப்பட்டது. அப்போது அத்தானுக்குக் கண் நன்றாக இருந்தது. மெக்கானிக்கை நம்பாமல் அவரே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தார். அக்கா விளக்குப் பிடித்தாள். எந்தப் பிஸ்டன் எந்தத் துளைக்கு என்று மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் ரம்பத் தகட்டால் கீறல் போட்டார். முதல் பிஸ்டனுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு. வழக்கமாக மேலே எண் குத்துவார்கள். மேலே குத்தினால் கரி மூடிவிடும், உள்ளே போட்டால் எத்தனை வருஷமானாலும் விரல் வைத்தால் தெரியும் என்பது அவர் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை விட்டபடியே ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மேட்டு ரோட்டில் வண்டி நின்றது. முழு லோடு செங்கல், மழைத் தூறல். தேய்ந்துபோன இன்ஜினால் இழுக்க முடியவில்லை. முக்கி முக்கி அணைந்துவிட்டது. பிரேக் பிடித்தும் ஈர ரோட்டில் டயர் நிற்கவில்லை. வண்டி பின்னால் வழுக்கி ஒரு மதில் சுவரில் போய் முட்டியது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க அவருக்கு எதுவும் தெரியாமல், வண்டி எங்கே போகிறது என்று புரியாமல், டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா மகன் அங்கேயே, கட்டுப் போடும் நர்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டான்: "போதும்மா. இறக்கி எடைக்குப் போடு."

"உன்னைப் போடுறேன் முதல்ல" என்றாள் அக்கா.

அவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். லாரி கேபினில் தூளி கட்டி வளர்ந்த பிள்ளை. இப்போது இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பொட்டு ஆயில் படக்கூடாது என்று வண்டிப் பக்கமே வரமாட்டான். எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் அவன்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

தோள் ஆறியதும் அக்கா வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டாள். நான் சும்மா இருக்கவில்லை. விபத்தில் அடிபட்ட ஒரு வண்டியின் இன்ஜின் விலைக்கு வந்திருப்பதாகக் கடைக்கு வந்த புரோக்கர் சொன்னார். அக்காவிடம் ஓடினேன். "மாத்திப் போட்டுடுக்கா. கழட்டுறது மாட்டுறது மட்டும்தான் வேலை" என்றேன்.

"யாரு ஓட்டின இன்ஜினோ. ஆயில் மாத்துனானா, தண்ணி இல்லாம ஓட்டுனானா, எவன் கண்டான்? என் இன்ஜின் எங்க இருமும், எங்க தும்மும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச சனியனே இருக்கட்டும்டி."

"நடுவழியில மறுபடி நின்னா?"

"நின்னதுக்குக் காரணம் தேய்மானம். தேய்ஞ்சதைக் கடைஞ்சு போட்டா ஓடும். இதுல உனக்கு என்ன புரியல?"

எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் எரிச்சல்தான் வந்தது. அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

எங்கள் பக்கப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெக்கானிக்காக இருந்தாலும், வண்டிக்குச் சொந்தக்காரர் எதிரில் இல்லாமல் இன்ஜினின் தலையை, அதாவது மேல் மூடியை, தூக்கமாட்டான். பிறகு 'என் பார்ட்ஸை மாற்றிவிட்டாய்' என்று பேச்சு வரக்கூடாது பாருங்கள். சொந்தக்காரர் வர நேரமானால் போல்ட்டுகளையெல்லாம் தளர்த்தி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு வராவிட்டாலும் தலை தூக்க வந்துவிட வேண்டும்.

தலை தூக்க வேண்டிய அன்று காலையில்தான் மகனுக்கு அம்மாவின் தோள்பட்டை ஞாபகம் வந்தது. "டாக்டர்கிட்ட காட்டணும், இன்னைக்கு விட்டா அவர் ஊர்ல இல்ல" என்று இழுத்துக்கொண்டு போனான். "அப்பா இருக்காரே, அவர் முன்னாடி திறக்கட்டும்" என்றானாம். அக்காவும் சரி என்றாள். அத்தான் இருக்கும்போது வேறு யார் வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், பாவி.

மத்தியானம் கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நானும் பட்டறைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். செயின் புல்லியில் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தான் மெக்கானிக். மேஜைமேல் ஒரே ஒரு பிஸ்டன் இருந்தது. பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை உழுத நிலம்போல வரி வரியாகக் கிழிந்திருந்தது. விளிம்பு உருகிப்போயிருந்தது.

"பாருங்கக்கா. உள்ள இப்படி இருக்கு" என்றான் மெக்கானிக். "பிஸ்டனே இந்த லட்சணத்துல இருந்தா அது ஓடுற பிளாக் எப்படி இருக்கும்? கடையிறதுக்கு ஒன்னும் மிச்சமில்ல. நான் அண்ணன் முன்னாடிதான் திறந்தேன். கேட்டுக்குங்க."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் பிஸ்டனை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அப்பா, நீங்களே தடவிப் பாருங்க" என்றான். அவர் வாங்கினார். பழக்கத்தில் அவர் விரல் நேராக உள்ளே போய் விளிம்பைத் தடவியது. ஒரு சுற்று வந்தது. பிறகு சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார். பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா. போச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அக்கா இடிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மகன் குனிந்து, "விடும்மா. எவ்வளவோ ஓட்டிட்ட" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். எடைக்கு எடுக்கிறவரை மறுநாளே வரச் சொல்லலாம் என்றான் மெக்கானிக். நானும், என் வாயை வைத்துக்கொண்டு, "சரிக்கா, விட்டுத் தொலை" என்றேன். எல்லோரும் சேர்ந்து ஒருத்தியை வண்டியிலிருந்து இறக்கினோம்.

கிளம்பும்போது அக்கா அந்தப் பிஸ்டனைக் கேட்டு வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் கொஞ்சம் தயங்கினான். "அது எதுக்குக்கா, கை அழுக்காகும்" என்றான். அவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, கடை திறக்குமுன் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று அந்தப் பிஸ்டனைக் கம்பி நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடிபிடித்த பாத்திரம் கழுவுகிற மாதிரி.

"என்னக்கா இது?"

"ஷெல்ஃபுல வைக்கப் போறேன். அழுக்கா வைக்கச் சொல்றியா?" குரல் கரகரத்தது. அழுதிருக்கிறாள். வெளிப்பக்கத்தைத் தேய்த்து முடித்துவிட்டு, உள்ளே விரலை விட்டுக் கரியை வழித்தாள். வழித்த விரல் பாதியில் நின்றது. மறுபடி ஒரு சுற்று வந்தது. பிஸ்டனை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கீறல் எங்கடி?"

"என்ன கீறல்?"

"நான்தான் விளக்குப் பிடிச்சேன். இவர் ரம்பத் தகட்டால ஒவ்வொன்னுலயும் கீறினாரு. எங்க காணோம்?"

தேய்ந்துபோயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்விளிம்பு எதிலும் உரசுவதில்லை, தேய வழியே இல்லை என்று எனக்கே தெரியும். அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அளவுக் கருவியை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடக் கடையாத இன்ஜினுக்குப் போடுகிற பழைய அளவு. அக்காவின் இன்ஜினோ ஏற்கெனவே கடைந்து பெரிதாக்கியது. இந்தப் பிஸ்டனை அதில் போட்டால் அண்டாவுக்குள் போட்ட சொம்பு மாதிரி ஆடும். எவனுடைய வண்டியிலோ செத்த பிஸ்டனை எடுத்து, எங்கள் அக்காவின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மெக்கானிக் மட்டும் தனியாகப் பார்த்த வேலை இல்லை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்தக் காலை நேரத்து டாக்டர், அந்த முதுகு தடவல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கூடவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தானின் விரலும் ஞாபகம் வந்தது. திரும்ப வீட்டுக்கு ஓடினேன். நான் சொல்லுமுன்பே அக்காவுக்கும் அது ஞாபகம் வந்திருந்தது.

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ரேடியோவை அணைத்தாள். பிஸ்டனை அவர் கையில் திணித்தாள்.

"தடவிப் பாரு."

'பாரு' என்றாள். அத்தானின் முகம் அந்த ஒரு சொல்லிலேயே வெளுத்துவிட்டது. அவர் தடவவில்லை. பிஸ்டனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுதானே போச்சு உனக்கு? விரலுமா போச்சு?"

"தெரியும்" என்றார் அத்தான் மெதுவாக. "தொட்டதுமே தெரியும். நம்மளது இல்ல."

"அவன் சொன்னானா உங்கிட்ட?"

"முன்னாடியே சொல்லல. அங்க வந்துதான் புரிஞ்சுது. பையன் இப்படிப் பண்றான்னு. சரி, பண்ணிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"ஏன்?"

அவர் பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை. கடைசியில், "வண்டி பின்னாடி போச்சுல்ல. நீ ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு கத்துற. எனக்கு ஒன்னுமே தெரியல. பின்னாடி பள்ளமா, சுவரா, ஆளா, ஒன்னும் தெரியல. இன்னமும் கட்டில்ல படுத்தா கட்டில் பின்னாடி போகுது. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நானாக இருந்தால் அழுதிருப்பேன். அக்கா அழவில்லை. தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு! வாய் இருக்குல்ல? மூனுல போடு, நாலுல போடுன்னு சொல்ல வாய் வருது. இதைச் சொல்ல வரலையா? எவனோ ஒருத்தன் பிஸ்டனைக் காட்டி இதுதான் உன்னதுன்னு சொல்றான், நீயும் ஆமாங்கிற! ஊரே பொய் சொன்னா நான் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பேன். அன்னைக்கும் உன்னைத்தான் பார்த்தேன். பார்த்தேன்ல?"

"பார்த்த" என்றார் அவர். அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் தெரிந்திருக்கிறது.

அக்கா பட்டறைக்கு நடந்த நடையில் நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. மெக்கானிக் எங்களைப் பார்த்ததுமே கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். அக்கா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் கிடந்த கோணியைக் காலால் இழுத்து அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய பிஸ்டன்கள் இருந்தன. ஒவ்வொன்றாக விரல் விட்டு, கீறலை எண்ணி, மேஜைமேல் வரிசையாக வைத்தாள். தேய்ந்திருந்தன. ஒன்றில் ஆழமான கோடும் இருந்தது. ஆனால் எதுவும் உருகவில்லை, கிழியவில்லை.

"பையன் வந்து அழுதான்க்கா" என்றான் மெக்கானிக். "எங்கம்மாவைக் காப்பாத்துங்கன்னு கையைப் புடிச்சுக்கிட்டான். நான் என்ன பண்றது?"

"கியர்பாக்ஸ் யாருக்குன்னு பேசி முடிச்சுட்டீங்களா?" என்று நான் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். எடைக்குப் போகிற வண்டியின் நல்ல பார்ட்ஸை விற்றுக் காசாக்கப் பார்த்திருக்கிறான், சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். "வேண்டாம்" என்றாள் அக்கா. "திருடனே காவலுக்கு இருக்கட்டும். இனிமே என் கண்ணு இவன் கையை விட்டு நகராது." ஒரு டயரை உருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

நான் போன் பண்ணித்தான் மகன் வந்தான். ஆபீஸிலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தான். மேஜைமேல் வரிசையாக இருந்த பிஸ்டன்களைப் பார்த்தான், விஷயம் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவனும் அக்கா வயிற்றில் பிறந்தவன்தானே.

"ஆமா, நான்தான் சொல்லச் சொன்னேன். என்ன இப்ப?" என்றான். "தினம் என் டேபிளுக்கு போட்டோ வருதும்மா. நசுங்கின கேபின், சாஞ்ச லாரி. ஒவ்வொரு போட்டோவுலயும் நான் முதல்ல நம்பர் பிளேட்டைத்தான் பாக்குறேன். நம்மளது இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் வேலையையே ஆரம்பிக்கிறேன். இதை எத்தனை நாளைக்குப் பண்றது? சொன்னா நீ கேக்குறியா?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கேக்கமாட்டேன்தான். நீ இறங்குன்னு சொல்லு, நான் மாட்டேன்னு சொல்றேன். நீ கத்து, நானும் கத்துறேன். அது சண்டை. நீ பண்ணினது திருட்டு. என் இன்ஜினை என்கிட்டயே செத்துப்போச்சுன்னு காட்டியிருக்க. ஒரு ராத்திரி முழுக்க எவனோ பிஸ்டனுக்கு நான் அழுதிருக்கேன்டா."

அவன் தலை குனிந்தான்.

"இன்னும் ஒரு தடவைதான் இதைக் கடைய முடியும்" என்று அக்கா இன்ஜினைக் கையால் தட்டிக் காட்டினாள். "அதுக்கு மேல பிளாக்ல சதை இல்ல. அது தேயுற அன்னைக்கு நானே சாவியைக் கொண்டுவந்து உன் டேபிள்ல வைக்கிறேன். அதுவரைக்கும் யாரும் என்னை இறக்கக் கூடாது. நானா இறங்குவேன்."

அதற்கும் ஒரு சிக்கல் இருந்தது. கோடு விழுந்த அந்த ஒரு துளை. கடைசி அளவுவரை கடைந்தும் கோடு மறையாவிட்டால் பிளாக் குப்பைதான்; மகன் சொன்ன பொய் உண்மையாகிவிடும். லேத் பட்டறையில் அதை மட்டும் கடைசியாகக் கடைந்தார்கள். மகனும் வந்து நின்றான். கோடு மறைய வேண்டும் என்று நினைத்தானா, மறையக்கூடாது என்று நினைத்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது. இரும்பு சுருள் சுருளாக விழுந்தது. லேத்காரர் விளக்கை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தார். அக்காவுக்கு இடம்விட்டு நகர்ந்தார். முடி கனத்துக்கு, நிழல்போல, ஒரு கோடு மிச்சம் இருந்தது.

"கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஆனா ஓடும்" என்றார் அவர்.

"நானும் கொஞ்சம் கத்துவேன். ஆனா ஓட்டுவேன்" என்றாள் அக்கா.

புது பிஸ்டன்களை நான்தான் எங்கள் கடையிலிருந்து கொண்டுபோனேன். கட்டுகிற நாள் முழுக்க அவள் அந்த டயரைவிட்டு எழவில்லை. மெக்கானிக் ஒவ்வொரு போல்ட்டையும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து முறுக்கினான். வீட்டில் அத்தானோடு பேச்சு இல்லை. சோற்றைத் தட்டில் போட்டு டொம்மென்று அவர் முன்னால் வைப்பாள். "உப்பு..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொள்வார். கீறல்களை உள்ளே போட்டது அவள்தான். ரம்பத் தகட்டை அவளே பிடித்துக் கீறினாள். அத்தானைக் கூப்பிடவில்லை.

முதல் லோடு அதே செங்கல், அதே மேட்டு ரோடு. வேறு வழியாகப் போகலாமே என்றால் கேட்டால்தானே? எங்கள் கடைக்கும் அந்தப் பக்கம் சாமான் இறக்க வேண்டியிருந்ததால் நானும் ஏறினேன். அவள் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் உட்கார்ந்துகொண்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான சத்தம். இடது பக்கக் கதவுக்கு வெளியே அத்தான் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றார். கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார். அவராக ஏறவும் மாட்டார், போகவும் மாட்டார். அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைத் துடைத்தாள், ஆக்ஸிலேட்டரை ஒருதரம் வெறுமனே மிதித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா..." என்றேன்.

"நீ சும்மா இரு" என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏறுங்க" என்றாள்.

அவர் ஏறினார். மேடு வந்தது. லோடோடு ஏற ஆரம்பித்ததும் இன்ஜின் சத்தம் கனத்தது. அந்த மதில் சுவரில் இன்னும் ஒட்டுப்போட்ட சிமெண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதை நானும் அக்காவும் பார்த்தோம். அத்தானுக்குத் தெரியாது. ஆனால் சரியாக அந்த இடத்தில் அவர் கை டேஷ்போர்டை எட்டிப் பிடித்தது. சத்தம் கொஞ்சம் கம்மியது. மூன்றில் போடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அத்தான்.

அக்கா கிளட்சை மிதித்து மூன்றில் போட்டாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு இழுத்தது.

"எனக்கும்தான்" என்றாள். "வாங்க, போகலாம்."